டிட்ஜெரிடூ: கரையான் குழலா, கார்வைத்தாரையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் நீண்ட மர ஊதுகருவியான டிட்ஜெரிடூவுக்குத் தமிழ்ப் பெயராகக் "கரையான் குழல்" என்ற பரிந்துரையைப் படித்தேன். பொருத்தம் இல்லாமல் இல்லை. உயிரோடு நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தின் உள்ளே கரையான் தின்று பொந்தாக்கிவிடும். அடிமரத்தைத் தட்டித் தட்டி ஓசை கேட்டு, பொந்து சரியாக விழுந்த மரத்தைத்தான் வெட்டுகிறார்கள். பட்டையைச் சீவி, வாய் வைக்கும் விளிம்பில் தேன்மெழுகை உருட்டி ஒட்டுவார்கள்.

ஆனால் "குழல்" எனக்கு உறுத்துகிறது. நமக்குக் குழல் என்றால் விரல் வைக்கத் துளை வேண்டும். இதில் துளை இல்லை, நாகசுரத்தில் ஒலி எழுப்பும் சீவாளியும் இல்லை. உதடு அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. தாரை தப்பட்டை என்கிறோமே, அந்தத் தாரையைப் போல. கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் தள்ளும்போதே மூக்கால் மூச்சிழுப்பதால் ஒலி அறுபடாது. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுபவரும் இதைத்தான் செய்கிறார். இப்படி விடாமல் நீளும் ஒலிதான் கார்வை. ஆகவே பொதுப்பெயராகக் "கார்வைத்தாரை" என்பது என் முன்மொழிவு.

சரி, அது பொதுப்பெயர். டிட்ஜெரிடூ என்பதே அந்த மக்களின் சொல் அல்லவே! வடக்கு ஆஸ்திரேலியாவில், ஆர்னெம் நிலத்தின் வடகிழக்கே வாழும் யோல்ங்கு மக்களுக்கு அது யிடக்கி, மேற்கே மாகோ. ஒன்றுக்கே இரண்டு பெயர் என்று தள்ளிவிட முடியாது. யிடக்கி வாசிப்பவர் கார்வைக்கு நடுவே எக்காளம் போல ஓர் உச்ச ஒலியை எழுப்புவார். மாகோ வாசிப்பில் அது கிடையாது. யோல்ங்கு சடங்குகளில் மனிகாய் என்னும் குலப்பாடல்களுக்கு, பில்மா என்ற தாளக்கட்டைகளோடு யிடக்கி ஒலிக்கும்.

அந்தப் பெயருக்கு எவ்வளவு கனம் பாருங்கள்: இறந்தவர் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பது அவர்கள் வழக்கம். 2011-இல் இறந்த ஒருவரின் பெயர் யிடக்கி என்பதைப் போல ஒலித்ததால், சிலர் கருவியின் பெயரையே தவிர்த்து மண்டபுல் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒன்று. யிடக்கியிலுள்ள டகரம் நாக்கை மடித்து எழுப்பும் ஒலிதான். நம் ட அப்படியே பொருந்துகிறது. யி மொழிக்கு முதலில் வராது என்று "இடக்கி" ஆக்கிவிட வேண்டாம். இடக்கு பண்ணுவதுதான் நினைவுக்கு வரும்! யூதர், யோகம் எல்லாம் ஏற்றுக்கொண்டவர்கள்தானே நாம்.

யிடக்கி, மாகோ இரண்டையும் அகராதியில் தனித்தனித் தலைச்சொல்லாகப் போடுவோம். டிட்ஜெரிடூ என்று தேடுபவரைக் கார்வைத்தாரைக்கு அனுப்புவோம். "தாரை" என்றதும் நீர்த்தாரை என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்பது மட்டும்தான் என் தயக்கம். உங்களுக்கு என்ன படுகிறது?