மாப்பிள்ளை வீட்டு வேர்: எங்க குடும்பக் குழு

நந்தினி: சித்தி, டேவிட்டோட அப்பா வழிப் பேரு லெஃபீவர். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளிங்க, ஹ்யூகனோ வம்சம், அதாவது பிரான்ஸ்லேர்ந்து தப்பிச்சு வந்த புராட்டஸ்டன்டுங்க. சனிக்கிழமை அங்க கிறைஸ்ட் சர்ச் போய் கல்லறைக் கல்லைத் தேடலாம்னு இருக்கோம்.

லண்டன் சித்தி: கல்லு கடைசி. நெசவாளிக்குக் கல்லு வெக்கக் காசு ஏது? அந்தச் சர்ச்சுக்குக் கீழ இருந்த நிலவறையை 1984–86ல தோண்டினப்போ ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவா உடல் கிடைச்சுது. அதுல 380 சொச்சம் பெட்டியிலதான் பேர் பொறிச்ச தகடு. அதெல்லாம் வசதியா இருந்தவங்க.

லண்டன் சித்தி: முதல்ல ரெண்டு வகைப் பதிவேட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாரு. ஞானஸ்நானமும் கல்யாணமும் பிரெஞ்சு சபையில. அடக்கம் ஆங்கிலிகன் பாரிஷ் சர்ச்சுல, அதாவது இங்கிலாந்து அரசுச் சபையோட வட்டாரச் சர்ச்சுல. லண்டன் பிரெஞ்சு சபைகளுக்குச் சொந்த இடுகாடு அனேகமா கிடையாது. வாண்ட்ஸ்வொர்த் ஈஸ்ட் ஹில்ல இருக்கிற மவுண்ட் நாட் (1687–1854) மாதிரி ஒண்ணு ரெண்டுதான். இது தெரியாம, பிரெஞ்சுப் பதிவேட்டுல சாவு இல்லைன்னா "ஊரை விட்டுப் போயிட்டார்"னு எழுதி வெச்சிடறாங்க.

நந்தினி: எந்த பாரிஷ்?

லண்டன் சித்தி: வருஷத்தைப் பொறுத்து. 1729க்கு முன்னாடி ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸே ஸ்டெப்னி பாரிஷுக்குள்ளதான், அதனால செயின்ட் டன்ஸ்டன். அதுக்கப்புறம் கிறைஸ்ட் சர்ச். 1746லேர்ந்து பெத்னல் கிரீன் செயின்ட் மேத்யூவையும் பாரு. பக்கத்து ஷோர்டிச் செயின்ட் லியோனார்டையும் விடாதே. பிற்காலத்துல டிஸ்சென்டர் (ஆங்கிலிகன் சபையில சேராத புராட்டஸ்டன்டுங்க) பக்கம் போனவங்களுக்கு பன்ஹில் ஃபீல்ட்ஸ்.

டப்ளின் மாமா: பிரெஞ்சு சபைன்னா எந்தச் சபைன்னும் சொல்லிடு. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்லேயே பல சபை இருந்துச்சு. தாய்ச்சபை த்ரெட்நீடில் தெரு, 1550ல ஆறாம் எட்வர்ட் சாசனம் கொடுத்தது. கையில இருக்கிற பதிவேடு 1600லேர்ந்துதான். 1840 வரைக்கும் ஹ்யூகனோ சொசைட்டி நாலு பாகமா அச்சுல போட்டிருக்கு. பழைய அச்சுப் புத்தகங்க இன்டர்நெட் ஆர்க்கைவ்ல கிடைக்கும். அசல் ஏடு லண்டன் க்யூல இருக்கிற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல, ஆர்ஜி 4 (RG 4) வரிசை.

கார்த்தி: அக்கா, அச்சுல பேர் கிடைச்சாலும் அசல் பக்கத்தோட படத்தைக் கண்டிப்பா பாரு. அச்சுல பேரைப் படிச்சதுலயே தப்பு நுழைஞ்சிருக்கும். மாசத்துல வேற ஒரு கண்ணி இருக்கு. 7 போட்டுப் பக்கத்துல சின்னதா "ப்ரே" (bre)ன்னு எழுதியிருந்தா ஜூலை இல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர். எக்ஸ் போட்டிருந்தா ரோமன் பத்து, அதாவது டிசம்பர். "செப்த்"னா பிரெஞ்சுல ஏழு, மார்ச்லேர்ந்து எண்ணின பழைய கணக்கு.

நந்தினி: ஐயோ, நான் ஒண்ணை ஜூலைன்னு குறிச்சு வெச்சிருக்கேன் 🙈

கார்த்தி: மாத்திடு. வருஷத்துலயும் ஜாக்கிரதை. 1752 வரைக்கும் இங்கிலாந்துல புது வருஷம் மார்ச் 25க்குத்தான். 1710 டிசம்பர்ல ஞானஸ்நானம் வாங்கின குழந்தைக்கு 1710 பிப்ரவரியில அடக்கம்னு பாரிஷ் ஏட்டுல இருக்கும். பிறக்கறதுக்கு முன்னாடியே செத்த மாதிரி தெரியும். அது நம்ம கணக்குக்கு 1711 பிப்ரவரி. நீ எழுதும்போது 1710/11னு ரெண்டையும் போடு. பிரான்ஸ் 1582லேயே புது நாட்காட்டிக்கு மாறிட்டதால அந்தப் பக்கத்து ஆவணத்தோட ஒப்பிட்டா 10 நாள் வித்தியாசம், 1700க்கு அப்புறம் 11 நாள்.

நந்தினி: லெஃபீவர்னு தேடினா பாரிஷ் ஏட்டுல ஒண்ணுமே வரல.

லண்டன் சித்தி: வராது. குமாஸ்தா இங்கிலீஷ்காரர், காதுல விழுந்ததை எழுதியிருப்பார். லெஃபேவ்ர், லெஃபெப்வ்ர், லெ ஃபீவர், ஃபீவர் எல்லாம் போட்டுப் பாரு. முன்னாடி வர்ற "லெ", "து", "தெ லா" எல்லாத்தையும் எடுத்துட்டும் தேடு. சிலர் அர்த்தத்தையே மாத்தியிருப்பாங்க: லெஃபேவ்ர்னா கொல்லன், அதனால ஸ்மித். துபுவா வுட், லெருவா கிங், பிளான் ஒயிட், லெழன் யங்.

அம்மா: ஸ்மித்துன்னு ஆயிட்டா எப்படிடி கண்டுபிடிக்கறது? ஊருல பாதிப் பேர் ஸ்மித்து.

லண்டன் சித்தி: பொம்பளைங்களை வெச்சுத்தான், அக்கா. பிரெஞ்சு சபை ஏட்டுல கல்யாணமான பெண்ணையும் பிறந்த வீட்டுப் பேராலேயே எழுதுவாங்க. ஞானஸ்நானப் பதிவுல அப்பா பேர், அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர், பராங், மரேன், அதாவது ஞானத்தகப்பன், ஞானத்தாய், எல்லாம் இருக்கும். சில ஏட்டுல இவங்களைச் சாட்சின்னு "தெம்"னு சுருக்கியிருப்பாங்க. இவங்க அனேகமா மாமன், அத்தை, பாட்டின்னு சொந்தக்காரங்க. நாலு குழந்தையோட பதிவை வரிசையா ஒரு தாள்ல எழுது. திரும்பத் திரும்ப வர்ற பேர்தான் சொந்தம். அப்புறம் அந்த அம்மா பேரை வெச்சு மத்ததைத் தேடு.

டப்ளின் மாமா: கல்யாணப் பதிவையும் விடாதே. "நார்மண்டி லுனரே ஊர்க்காரர்"ங்கிற மாதிரி சொந்த ஊர் அதுலதான் அடிக்கடி கிடைக்கும். ஊர் தெரியாம பிரான்ஸ் பக்கம் கால் வெச்சா வீண் அலைச்சல். ஆனா 1754 மார்ச் 25லேர்ந்து, ஹார்ட்விக் சட்டத்துக்கு அப்புறம், பிரெஞ்சு சபையில கல்யாணம் செல்லாது. எல்லாரும் ஆங்கிலிகன் சர்ச்சுக்குத்தான் போகணும், குவேக்கருக்கும் யூதருக்கும் மட்டும் விலக்கு. அதுக்கு முன்னாடி நிறையப் பேர் ஃப்ளீட் சிறைப் பக்கம் திருட்டுத்தனமா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அந்தப் பதிவு நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல ஆர்ஜி 7 வரிசை.

கார்த்தி: மாமா, தெமுவான்யாழ்?

டப்ளின் மாமா: ஆமா, அதை மறந்துட்டேன். பழைய சபை கொடுத்த அத்தாட்சிக் கடிதம். புதுசா வர்றவர் த்ரெட்நீடில்ல காட்டினதை 1669லேர்ந்து 1789 வரைக்கும் குறிச்சு வெச்சிருக்காங்க, அதுவும் அச்சுல வந்திருக்கு. 1685ல பிரான்ஸ்ல புராட்டஸ்டன்டுங்களுக்கு உரிமை கொடுத்த நாந்த் ஆணையை ரத்து பண்ணினப்போ வற்புறுத்தல்ல கத்தோலிக்கரா மாறிட்டு வந்தவங்க சபை முன்னாடி தப்பை ஒத்துக்கணும். அது "ரெகோனெஸான்ஸ்" பட்டியல்.

நந்தினி: அடக்கப் பதிவுல பேருக்குப் பக்கத்துல "அஃப்"னு சின்னதா இருக்கே, அது என்ன?

லண்டன் சித்தி: அஃபிடவிட். 1678 சட்டப்படி பிணத்தைக் கம்பளித் துணியிலதான் சுத்தணும், எட்டு நாளுக்குள்ள சத்தியக் கடுதாசி கொடுக்கணும். இல்லாட்டி 5 பவுண்ட் அபராதம். ஆட்டுக் கம்பளி வியாபாரத்தைக் காப்பாத்தறதுக்குப் போட்ட சட்டம். வாழ்நாள் பூரா பட்டு நெய்தவனுக்குக் கடைசியில கம்பளி!

அம்மா: பாவம்.

நந்தினி: சரி, கல்லு கிடைச்சா எப்படிப் படிக்கறது? டேவிட் சாக்பீஸ் எடுத்துட்டு வரேங்கறார்.

கார்த்தி: வேண்டவே வேண்டாம். சாக்பீஸ், ஷேவிங் ஃபோம், ப்ளீச், கம்பி பிரஷ் எதுவும் ஆகாது. எழுத்தே உதிர்ந்துடும். நாலடி உயரக் கண்ணாடி ஒண்ணைப் பிடிச்சு வெயிலைக் கல்லு மேல பக்கவாட்டுல சாய்ச்சு அடி. எழுத்தோட பள்ளத்துல நிழல் விழும், படிக்க வரும். வெயில் இல்லேன்னா சாயங்காலம் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பிடி. ஒவ்வொரு பக்கத்துலேர்ந்தும் ஒரு படம் எடு. கல்லு மேல தோல் தோலா உரிஞ்சிருந்தா தொடவே தொடாதே. பக்கத்துக் கல்லுங்களையும் படம் எடுத்துக்கோ, சொந்தக்காரங்க பக்கத்துலேயே இருப்பாங்க.

டப்ளின் மாமா: டேவிட் வீட்டுல யாராவது அயர்லாந்து வழியா வந்திருந்தா சொல்லு. இங்க மெரியன் ரோவுல 1693ல ஆரம்பிச்ச ஹ்யூகனோ இடுகாடு இருக்கு. 1922ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத் தீயில அயர்லாந்து ஆவணங்கள் ஏகப்பட்டது போச்சு. ஆனா டப்ளின் பிரெஞ்சு சபைப் பதிவேடுகளை அதுக்கு முன்னாடியே அச்சுல போட்டுட்டாங்க.

அம்மா: நம்ம சென்னைக்கு இவங்க யாரும் வரலையா?

லண்டன் சித்தி: வந்தாங்க. சர் ஜான் சார்டின்னு ஹ்யூகனோ வைர வியாபாரி, பாரசீகம் போனவர். அவரோட தம்பி டேனியல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில வியாபாரம் பண்ணினார். கோட்டை செயின்ட் மேரிஸ் பதிவேடு 1680லேர்ந்து இருக்கு. மதராஸ் சர்ச் பதிவுகளோட பிரதி லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில என்/2 வரிசையில பாக்கலாம்.

நந்தினி: அப்ப சனிக்கிழமை என்ன பண்றது?

லண்டன் சித்தி: மாமனார் வீட்டுக்குப் போ. அவங்ககிட்ட இருக்கிற பிறப்பு, கல்யாணச் சான்றிதழை எல்லாம் படம் எடு. அங்கேர்ந்து ஒவ்வொரு தலைமுறையா பின்னாடி நட. சிவில் பதிவு 1837 ஜூலை வரைக்கும் போகும். 1851 சென்சஸ்ல பிறந்த பாரிஷ் இருக்கும். அதைப் பிடிச்சிட்டா அதுக்கு முந்தின காலத்துக்கு எந்த ஏட்டைத் திறக்கறதுன்னு தெரியும். வரும்போது அந்த ஜூலையையும் திருத்திக் கொண்டு வா.