கட்டுப்பாடற்ற வான்பரப்பில் கிளியரன்ஸ் இல்லாமல் மேகத்துக்குள் பறக்கலாமா?

குடமுருட்டி:
அமெரிக்காவில் கருவிவழிப் பறத்தலுக்கான (ஐ.எஃப்.ஆர்.) பயிற்சியில் இருக்கும் என் தம்பி, கட்டுப்பாடற்ற ‘ஜி’ வகை வான்பரப்பில் ஃப்ளைட் பிளானும் (முன்கூட்டியே தரும் பயணத் திட்டம்) கிளியரன்ஸும் (தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கன்ட்ரோலரின் அனுமதி) இல்லாமலேயே மேகத்துக்குள் பறக்கச் சட்டம் இடம் தருகிறது என்கிறான். இது உண்மைதானா, உண்மையென்றால் முறைதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வெண்ணாறு:
உண்மைதான். அமெரிக்க விதிகளின் 91.173-ஆம் பிரிவு, கட்டுப்பாட்டு வான்பரப்பில் பறப்பவருக்கு மட்டுமே அவ்விரண்டையும் கட்டாயமாக்குகிறது. ‘ஜி’ வகையில் விமானங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கும் பொறுப்பு கன்ட்ரோலருக்குக் கிடையாது. அந்தப் பொறுப்பை ஏற்காதவரிடம் அனுமதி வாங்கி என்ன ஆகப்போகிறது? அதற்காக விதியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். விமானிக்கு உரிய ரேட்டிங்கும் (தகுதிச் சான்று) விமானத்தில் உரிய கருவிகளும் இருக்க வேண்டும். சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் நாடும் மாற்று நிலையம் வரை சென்ற பிறகும் 45 நிமிடம் பறக்க எரிபொருள் மிஞ்ச வேண்டும். மலையில்லாத பகுதியில், பாதையிலிருந்து 4 கடல் மைலுக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி இடைவெளி வேண்டும். காந்தத் திசை (திசைகாட்டியின் வடக்கு 0 பாகை) 0 முதல் 179 பாகை வரை செல்பவர் ஒற்றைப்படை ஆயிரம் அடியிலும் (3,000, 5,000 என), 180 முதல் 359 வரை செல்பவர் இரட்டைப்படை ஆயிரம் அடியிலும் பறக்க வேண்டும். பொறுப்பு முழுவதும் விமானியுடையது என்று தெளிவாகச் சொல்லும் இந்த விதி நேர்மையானது என்பதே என் கருத்து.

கொள்ளிடம்:
ஐயா, விதியைச் சரியாகவே சொன்னீர்கள். அது போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம் டெல்டாவை வைத்தே பாருங்கள். சிதம்பரத்திலிருந்து வேதாரண்யம் செல்பவரின் திசை ஏறத்தாழ 170 பாகை. முத்துப்பேட்டையிலிருந்து சிதம்பரம் வருபவரின் திசை ஏறத்தாழ 10 பாகை. கிட்டத்தட்ட எதிரெதிராக வரும் இவ்விருவருக்கும் உங்கள் விதி 5,000 அடி என்ற ஒரே உயரத்தைத் தரக்கூடும். வெயில் அடிக்கும் நாளில் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வார்கள். ஐப்பசி மேகத்துக்குள் எதைப் பார்ப்பது? ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருப்பவர்களுக்கோ இந்த ஒற்றை, இரட்டைக் கணக்கே பொருந்தாது.

அழுத்தக் கணக்கும் இருக்கிறது. நாகப்பட்டினத்தை நெருங்கும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தை நோக்கி, திருச்சியின் கியூ.என்.எச். அளவை (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) ஆல்டிமீட்டரில் (உயரங்காட்டும் கருவி) மாற்றாமல் பறப்பவர், ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாட்டுக்குச் சுமார் 27 அடி வீதம், கருவி காட்டுவதைவிடத் தாழ்வாகவே இருப்பார். சரியான அளவைச் சொல்லித் திருத்த ஒரு குரல் வேண்டாமா?

வெண்ணாறு:
அமெரிக்காவின் பெரும்பகுதியில் ‘ஜி’ வகை தரையிலிருந்து 700 அல்லது 1,200 அடியோடு முடிந்துவிடுகிறது. எனவே நீங்கள் சொல்லும் 5,000 அடிச் சிக்கல் அங்கே அரிது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அப்படி ஒரு கோபுரம் 4 கடல் மைலுக்குள் இருந்தாலே குறைந்தபட்ச உயரம் 1,236 அடி ஆகிவிடும். 1,200 அடி உச்சவரம்புக்குள் சட்டப்படி நிலையாகப் பறக்க இடமே இருக்காது. ஆகவே புறப்பாட்டிலும் தரையிறக்கத்திலும்தான் இந்தச் சலுகைக்குப் பெரும்பாலும் வேலை. அங்கும், கிளியரன்ஸ் இல்லாமல் மேகத்துக்குள் ஏறிய விமானி மீது, கவனக்குறைவான பறத்தலைத் தடுக்கும் 91.13-ஆம் பிரிவு பாய்ந்திருக்கிறது. இதையும் தம்பியிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கொள்ளிடம்:
அமெரிக்காவுக்குச் சரி. ‘ஜி’ வகை பல ஆயிரம் அடி வரை உயர்ந்து நிற்கும் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 19 அன்று விக்டோரியா மாநிலத்தின் மங்களூர் விமான நிலையத்துக்கு அருகே, ஐ.எஃப்.ஆர். முறையில் பறந்த இரண்டு இரட்டை எஞ்சின் விமானங்கள் சுமார் 4,100 அடியில் மோதி 4 பேர் இறந்தார்கள். ஒன்று அங்கிருந்து ஏறிக்கொண்டிருந்தது, மற்றொன்று இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற விமானத்தைப் பற்றி இரு விமானிகளுக்கும் கன்ட்ரோலர் தகவல் கொடுத்திருந்தார். விலக்கி வைக்கும் பொறுப்பு அவருக்கு இல்லாததால் அதற்கு மேல் விதி எதையும் கேட்கவில்லை. அந்த நால்வரும் விதியை மீறியதால் இறக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அரசலாறு:
இடையில் ஒரு செய்தி: இந்தச் சலுகை நம் நாட்டுக்குப் பொருந்தும் என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கே ஐ.எஃப்.ஆர். பறத்தலுக்கு ஃப்ளைட் பிளான் கட்டாயம். வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும் பெற வேண்டும். தஞ்சாவூரில் சுகோய் படைப்பிரிவு நிற்கும்போது அதில் தளர்வை எதிர்பார்க்கவும் கூடாது.

வெண்ணாறு:
மங்களூர் விபத்தை நானும் படித்திருக்கிறேன். அதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதிலிருந்து நான் பெறும் முடிவு வேறு. இரு விமானங்களும் ஏ.டி.எஸ்.-பி. என்ற வானொலிக் கருவி மூலம் தம் இருப்பிடத்தை ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தன. அந்த ஒலிபரப்பைப் பெற்றுக் காட்டும் கருவி விமானி அறையில் இருந்திருந்தால் ஒருவர் மற்றவரைத் திரையில் கண்டிருப்பார். தாழப் பறக்கும் விமானத்தை ரேடார் எல்லா இடத்திலும் பிடிப்பதில்லை. அங்கே கிளியரன்ஸை மட்டும் கட்டாயமாக்கினால் தரையில் இருப்பவரும் குருடராகவே இருப்பார். பெறும் கருவியைக் கட்டாயமாக்குங்கள் என்றால் உங்களோடு சேர்ந்து கையெழுத்திடுவேன்.

கொள்ளிடம்:
கருவியும் வேண்டும், பிரித்து வைப்பவரும் வேண்டும். ரேடார் இல்லாத இடத்திலும், ஒருவர் இறங்கிவிட்டதாக அறிவிக்கும்வரை அடுத்தவரை மேகத்துக்குள் விடாமல் நிறுத்தும் நடைமுறை பல நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. அதனால் பத்து, பதினைந்து நிமிடம் தாமதமாகும் என்பதைத் தவிர அதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

குடமுருட்டி:
இருவருக்கும் நன்றி. பயிற்சி விமானத்தில் அந்தப் பெறும் கருவி இருக்கிறதா என்று இன்றிரவே தம்பியிடம் கேட்கிறேன். இல்லையென்றால், சட்டம் இடம் தந்தாலும் கிளியரன்ஸ் வாங்காமல் மேகத்துக்குள் போகாதே என்று சொல்லப்போகிறேன்.