டென்னிஸ் ஆடும் தங்கச்சிக்கு மனப்பயிற்சி: தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமாரே, அக்காமாரே. நாங்கள் தலவாக்கலை பக்கம், தோட்டத்தில் இருக்கிறோம். தங்கச்சிக்கு 13 வயது. டென்னிஸில் புரொபஷனலாக வர வேண்டும் என்பது அவள் ஆசை. கை நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒரு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) போனால் முகம் சுருங்கிவிடும், ராக்கெட் நரம்பை விரலால் நோண்டிக்கொண்டே நிற்பாள். அப்புறம் வரிசையாகப் பாயின்ட் போகும். இரண்டு பாயின்டுக்கு நடுவில் 25 வினாடி கிடைக்கிறது. அதற்குள் மனதைத் திருப்பப் பழக்குவது எப்படி?

பழகுவது நுவரெலியாவில். 1,868 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, பந்து பறக்கும். கொழும்பில் அதே அடி குட்டையாக விழுகிறது, உடனே பதறுகிறாள்.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். மேட்ச் முடிந்ததும் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்பார். அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. மாமாவோ வீடு வரும்வரை தோற்ற பாயின்டையே பேசுவார், அவருக்கும் பாசம்தான். டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சின் பெற்றோர் செர்பியாவில் கோபவோனிக் மலையில் சாப்பாட்டுக்கடை நடத்தியவர்கள், சின்ன வயதில் அவருடைய பயிற்சியை யெலேனா கென்சிச் என்ற பயிற்சியாளர் பார்த்துக்கொண்டார். வில்லியம்ஸ் சகோதரிகளுக்கோ அப்பாவே பயிற்சியாளர். எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

கண்டி, நுவரெலியா பக்கம் தமிழில் பேசும் விளையாட்டு உளவியலாளர் யாராவது இருக்கிறார்களா? போனில் பேசினாலும் போதும். பிள்ளைகளைக் கொழும்புப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகும் பெற்றோர், தோற்ற அன்று பஸ்ஸில் என்ன பேசுவீர்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள். மாமாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.