கேரளா கழுதுருட்டி பக்கம் சும்மா கிடக்க ஒரு வீடு வேணும்

மக்களே, ஒரு உதவி. நாங்க செங்கோட்டையில நாலு கூட்டாளிங்க. சாரல் நேரத்துல ரெண்டு நாள் லீவு கிடைச்சிருக்கு. போன தடவ பாலருவி, தென்மலை அணைன்னு ஓடியே அலுத்துட்டோம். வனத்துறை வண்டிக்கு வரிசையில நின்னதுதான் மிச்சம். இந்தத் தடவ எங்கயும் போறதா இல்ல. திண்ணையில கால நீட்டி, கட்டன்சாயாவும் (பால் ஊத்தாத டீ) பழம்பொரியுமா (வாழைப்பழ பஜ்ஜி), 1904-லயே ரயில் ஓடுன நம்ம புனலூர் லைன்ல பதிமூணு கண் பாலத்த (பதிமூணு வளைவு வச்ச ரயில் பாலம்) வண்டி கடக்கறதப் பாத்துக்கிட்டே கிடக்கணும். அவ்வளவுதான்.

கழுதுருட்டி, ஆரியங்காவு பக்கம் அந்தப் பாலம் தெரியுற மாதிரி வாடகை வீடு யாருக்காச்சும் தெரியுமா? கப்பயும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் ஆக்கித் தந்தா ரொம்ப நல்லது. சீட்டுக்கட்டு நாங்களே கொண்டாந்துருவோம்.

அப்புறம், ரத்தம் உறிஞ்சுற அட்டைக்கு உப்பா, மூக்குப்பொடியா, எது கேக்கும்? போன தடவ சாக்ஸக் கழட்டுனப்ப ரத்தத்தப் பாத்த ஒருத்தன் இன்னும் வரமாட்டேங்கான்.