குமரிக் கடலை நெடுநேர எக்ஸ்போஷரில் எடுப்பது: எத்தனை விநாடி, எந்த ஃபில்டர்?

தென்கரை (கேள்வி):

வணக்கம். கன்னியாகுமரியில் விடியற்காலை வெளிச்சத்தில், கரையோரப் பாறைகள் முன்னால் இருக்க, விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் பின்னால் தெரியும்படி நெடுநேர எக்ஸ்போஷர் (ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும்) படங்கள் எடுத்து வருகிறேன். ஏ.பி.எஸ்.-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார் உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமரா, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், ஓரளவு கனமான முக்காலி, 10 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி), கம்பி ரிமோட் ஆகியவை கைவசம் உள்ளன. பெரும்பாலும் எஃப்/22 (மிகச் சிறிய லென்ஸ் துவாரம்), ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, இரண்டு நிமிடம் என்ற அளவில் எடுக்கிறேன்.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். முதலாவது, கடல் முழுவதும் வெள்ளைத் துணி விரித்ததுபோல் ஆகிவிடுகிறது. பாறையில் மோதி வழியும் அலையின் வேகம் எதுவும் படத்தில் தங்குவதில்லை. இரண்டாவது, முக்காலியில் வைத்து எடுத்தும் சிலையின் விளிம்புகள் கூர்மையாக இல்லை. மூன்றாவது, படம் முழுக்கச் செம்பழுப்புச் சாயல் ஏறுகிறது. சில படங்களின் நடுவே மங்கலான ஊதா நிறப் பட்டை ஒன்றும் விழுகிறது. விநாடிகளைக் கணக்கிட உறுதியான வழி உண்டா, இருக்கும் சாதனங்களை வைத்தே இவற்றைச் சரிசெய்ய முடியுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நெய்தல்நிலம்:

வணக்கம் தென்கரை. உங்கள் முதல் கேள்விதான் இதில் முக்கியமானது என்பதால் அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். ஃபில்டரை முதலில் மாட்டிவிட்டு, அது தரும் நேரத்துக்குப் படம் எடுப்பது என்ற வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். கடல் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கு எத்தனை விநாடி தேவை என்று கண்டுகொண்டு, அந்த நேரத்தைப் பெறுவதற்கு ஃபில்டர் தேவையா, தேவையென்றால் எது என்பதைக் கடைசியில் பாருங்கள்.

கரையில் நின்று, ஒரு அலை உடைவதிலிருந்து அடுத்த அலை உடையும் வரை எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். தொலைவிலிருந்து வரும் பெரிய அலைகளானால் பத்து விநாடிக்கு மேலும் இடைவெளி இருக்கும். உள்ளூர்க் காற்று எழுப்பும் சிற்றலைகளானால் அதைவிட மிகக் குறைவாக இருக்கும். அந்த இடைவெளிதான் உங்களுக்கு எல்லைக்கோடு. எக்ஸ்போஷர் அதைவிடக் குறைவாக இருந்தால் ஒரே ஒரு அலையின் போக்கு படத்தில் பதியும். அதைப் போலப் பல மடங்கு நீண்டால் எழுந்த அலையும் தாழ்ந்த அலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து, சராசரியாகிச் சமதளமாகிவிடும். நீங்கள் இரண்டு நிமிடம் திறந்து வைக்கும்போது குறைந்தது பத்துப் பன்னிரண்டு அலைகள் அந்த ஒரே சட்டத்துக்குள் வந்து போகின்றன. வேகம் தங்காததற்கு இதுவே காரணம்.

பாறை இடுக்குகள் வழியாக நுரை கோடு கோடாக வடிவது தெரிய வேண்டுமானால் கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை போதும். இங்கே நேரத்தைவிட எப்போது அழுத்துகிறீர்கள் என்பது பெரிது: அலை மோதும்போது அழுத்தினால் வெறும் வெள்ளைச் சிதறல் கிடைக்கும், மோதி முடித்து, நீர் ஒரு கணம் தயங்கி, பின்வாங்கத் தொடங்கும் அந்த நொடியில் அழுத்தினால் ஒவ்வொரு நுரைத் துளியும் தான் ஓடிய பாதையை ஒரு கோடாக வரைந்துவிட்டுப் போகும். ஒரே இடத்தில் முக்காலியை நிறுத்தி, இருபது முப்பது அலைகளுக்காவது பொறுமையாகக் காத்திருப்பது நல்லது. ஏனென்றால் எந்த அலை எந்தப் பாறையைச் சுற்றி வடியும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. பாறையின் அடியில் பனிமூட்டம் படிந்ததுபோல் வேண்டும், ஆனால் அலையின் திசையும் சற்றுத் தெரிய வேண்டும் என்றால் இரண்டு முதல் எட்டு விநாடி வரை வைத்துப் பார்க்கலாம். அரை நிமிடத்துக்கு மேல் போனால் கடல் தட்டையாகும். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் சிலையும் பாறையும் தனித்து நிற்கும் எளிமையான சட்டத்துக்கே அது பொருந்தும். முன்னால் கரடுமுரடான பாறைகளை வைத்துவிட்டு நீரைத் தட்டையாக்கினால், பாறைகள் எதற்காக அங்கே இருக்கின்றன என்பதே பார்ப்பவருக்குப் புரியாமல் போகும் என்பது என் கருத்து. மேகம் இழுபட்டு நீள்கோடுகளாகத் தெரிய வேண்டும் என்றால் மட்டுமே இரண்டு, மூன்று நிமிடங்கள் தேவைப்படும்.

கணக்கு எளிது. ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. ஆகவே ஃபில்டரின் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் இரட்டிக்கும். 3 ஸ்டாப் 8 மடங்கு, 6 ஸ்டாப் 64 மடங்கு, 10 ஸ்டாப் 1024 மடங்கு. ஃபில்டர் இல்லாமல் கேமராவின் ஒளி மீட்டர் 1/60 விநாடி காட்டினால், 6 ஸ்டாப் ஃபில்டரில் ஏறக்குறைய ஒரு விநாடி, 10 ஸ்டாப் ஃபில்டரில் 17 விநாடி. மீட்டர் 1/8 காட்டினால் 10 ஸ்டாப்பில் 128 விநாடி. ஃபில்டரில் எழுதியிருக்கும் அளவும் அது உண்மையில் குறைக்கும் அளவும் சற்று வேறுபடக்கூடும் என்பதால், பகலில் வெள்ளைச் சுவர் ஒன்றை ஃபில்டருடனும் இல்லாமலும் எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) ஒப்பிட்டு, உங்கள் ஃபில்டருக்கான சரியான எண்ணை ஒருமுறை கண்டறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சூரியன் எழுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்பு எஃப்/11, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தாலே ஒரு விநாடியோ சில விநாடிகளோ ஃபில்டர் இல்லாமல் கிடைத்துவிடும். உங்களுக்கு வேண்டிய அலைக் கோடுகள் அந்த நேரத்துக்குள்தான் இருக்கின்றன. அடுத்து ஏதேனும் வாங்குவதானால் 6 ஸ்டாப் ஃபில்டரையே பரிந்துரைப்பேன்.

இருட்டறை:

நேரத்தைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கூர்மை, நிறம் ஆகிய இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூர்மை குறைவதற்கு உங்கள் விஷயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. எஃப்/22 அவற்றில் உறுதியான ஒன்று. துவாரம் அவ்வளவு சிறிதாகும்போது ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதால், ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எந்த லென்ஸாக இருந்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. எஃப்/8 முதல் எஃப்/11 வரை நிறுத்திக்கொண்டு, நேரம் போதாவிட்டால் ஃபில்டரை மாற்றுங்கள், துவாரத்தை அல்ல.

அடுத்தது ஃபோகஸ். பழைய 18-55 லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் செய்யும்போது முன்பக்க வளையமே சுழலும். நீங்கள் முதலில் ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு ஃபில்டரைத் திருகி மாட்டினால், கடைசிச் சுற்றில் இறுக்கும் விசையில் வளையமும் சேர்ந்து நகர்ந்து ஃபோகஸ் விலகிவிடும். மாட்டிய பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. உங்கள் லென்ஸ் அந்த வகையா என்று இப்போதே சுழற்றிப் பாருங்கள். ஆம் என்றால், மேனுவல் ஃபோகஸில் லைவ் வியூவை (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) பெரிதாக்கிச் சிலையின் விளிம்பில் சரிசெய்து, வளையத்தில் ஒரு சிறு நாடா ஒட்டி, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஃபில்டரை மெல்லத் திருகுங்கள். அளவுக்கு மீறி இறுக்க வேண்டாம். லென்ஸில் அசைவைக் குறைக்கும் வசதி இருந்தால் முக்காலியில் அதை அணைத்துவிடுங்கள்.

முக்காலி நின்றிருப்பது மணலா, பாறையா என்று நீங்கள் சொல்லவில்லை. ஈர மணலானால், ஒவ்வொரு அலை பின்வாங்கும்போதும் காலின் அடியிலிருந்து மணல் அரித்துச் செல்லப்படும். இரண்டு நிமிடத்தில் மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்ந்தாலும் தொலைவிலுள்ள சிலை இரட்டையாகிவிடும். கால்களைக் கையால் அழுத்தி ஆழப் புதைத்து, மேலும் இறங்காது என்று உறுதியான பிறகே தொடங்குங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். பாரத்துக்காகத் தொங்கவிடும் பை காற்றில் ஊசலாடினால் பாரமே அசைவுக்குக் காரணமாகிவிடும். பை தரையைச் சற்றுத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும்.

ஊதாப் பட்டை பெரும்பாலும் வியூஃபைண்டர் வழியாக நுழையும் ஒளி. டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் பின்பக்கக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம், சாதாரணப் படங்களில் பொருட்படுத்த வேண்டாத அளவில் இருந்தாலும், முன்பக்க ஒளி ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்போது அதற்குப் போட்டியாக வந்துவிடும். கேமரா வாரில் அதற்கென ஒரு சிறு ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கறுப்பு நாடா போதும். செம்பழுப்புச் சாயல் ஃபில்டரிலிருந்து வருவது. விலை குறைந்த அடர்த்தியான ஃபில்டர்கள் பல, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் அளவுக்கு அகச்சிவப்புக் கதிர்களைத் தடுப்பதில்லை. சென்சாரில் அவை சிவப்பாகப் பதிகின்றன. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்து, ஃபில்டர் மாட்டிய நிலையில் ஒரு சாம்பல் அட்டையைப் படமெடுத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்தால் பெரும்பகுதி போய்விடும். நிழல் பகுதிகளில் மட்டும் சிறிது தங்கும். அதற்குத் தரமான ஃபில்டர்தான் தீர்வு.

தென்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. லென்ஸைச் சோதித்தேன், முன்வளையம் சுழலத்தான் செய்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். கணக்கிட்ட நேரத்தை அப்படியே வைத்தாலும் விடியலில் வானம் வெளிறிப்போகிறதே, அது ஏன்? நங்கூரமிட்ட வள்ளங்கள் சட்டத்தில் வரும்போது அவை ஆடி மங்கலாகிவிடுவதை எப்படிச் சமாளிப்பது?

கீழ்வானம்:

முதல் ஐயத்துக்கு நம் ஊர் இருக்கும் இடமே விடை. கன்னியாகுமரி ஏறத்தாழ 8 பாகை வட அகலாங்கில் இருப்பதால் சூரியன் அடிவானத்திலிருந்து கிட்டத்தட்டச் செங்குத்தாக எழுகிறது. ஐரோப்பியர்கள் எழுதும் குறிப்புகளில் வரும் நீண்ட அந்தி வெளிச்சம் இங்கே கிடையாது. சூரியன் எழுவதற்கு முந்தைய 20 நிமிடங்களுக்குள் வெளிச்சம் நூறு மடங்குக்கும் மேல் கூடிவிடும். அதாவது ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். நீங்கள் மீட்டர் பார்த்து நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், ஷட்டர் மூடும் நேரத்தில் வெளிச்சம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருக்கும். ஆகவே விடியலுக்கு முன் நான்கு நிமிடக் கணக்குக்கு மூன்று நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகவே திறந்து வையுங்கள். மாலையில் இதற்கு நேர்மாறாக, வெளிச்சம் குறைந்துகொண்டே போவதால், அதே நான்கு நிமிடக் கணக்கு பத்து நிமிடத்தைத் தாண்டியும் நிறைவடையாது. அங்கே நேரத்தை நீட்டுவதைவிடத் துவாரத்தை ஒரு ஸ்டாப் திறப்பது அறிவுடைமை. ஒரு விநாடி, எட்டு விநாடிப் படங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் முன் மீட்டரைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

கேமராவில் உள்ள நெடுநேர நாய்ஸ் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) குறைப்பு வசதியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மூடிய ஷட்டருடன் அதே கால அளவுக்கு இரண்டாவது பதிவு ஒன்றை எடுத்து, சூடான பிக்ஸல்களைக் கழிக்கும். இரண்டு நிமிடப் படத்துக்கு மேலும் இரண்டு நிமிடம் கேமரா உங்கள் கையில் இருக்காது. மொத்த விடியலே 20 நிமிடம் எனும்போது அந்த விலை எனக்கு அதிகமாகப் படுகிறது. அதை அணைத்துவிட்டு, கடைசியில் லென்ஸை மூடி அதே நேரத்துக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்துவைத்துக்கொண்டு வீட்டில் கழிக்கலாம்.

வள்ளங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முக்காலியை அசைக்காமல், ஃபில்டர் இல்லாத நிலையில் ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி, வள்ளம் உறைந்து நிற்கும்படி ஒரு குறுகிய எக்ஸ்போஷர் எடுத்து, அதிலிருந்து வள்ளத்தை மட்டும் நெடுநேரப் படத்தில் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரியவைக்கும் மென்பொருள் வசதி) வழியாகச் சேர்ப்பது ஒன்று. இப்படி இரண்டு பதிவுகளை இணைப்பது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதுண்டு. 1850களிலேயே பிரான்சின் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு அதிக உணர்திறன் கொண்டிருந்ததால் வானம் வெளிறியதைச் சமாளிக்க, கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை ஒரே தாளில் அச்சிட்டிருக்கிறார். கடற்படம் எடுக்கும் கலை தோன்றிய காலத்திலிருந்தே இந்த உத்தி இருந்துவருகிறது.

மற்றொரு வழி, கால் விநாடிப் படங்களை இடைவெளியின்றித் தொடர்ச்சியாக நாற்பது எடுத்து, ஃபோட்டோஷாப்பில் அடுக்கி, சராசரி காண்பது. பத்து விநாடிக்குரிய நீரோட்டம் கிடைக்கும். நாய்ஸும் வெகுவாகக் குறையும், 16 படங்களை அடுக்கினாலே அது நான்கில் ஒரு பங்காகிவிடும். வள்ளம் அசையாத ஒரு படத்தை அந்த நாற்பதிலிருந்தே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஃபில்டரே தேவையில்லை என்பதால் நிறச் சாயல் சிக்கலும் இல்லை.

சிப்பிமணல்:

நல்ல விளக்கங்கள். நான் இதே கடற்கரை ஊரைச் சேர்ந்தவன் என்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெடுநேர எக்ஸ்போஷர் எடுப்பவர் கடலைப் பார்க்காமல் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர். நம் கரையில், குறிப்பாக முட்டம் போன்ற பாறைக் கரைகளில், காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளிலும் கடல் திடீரென உயர்வதுண்டு. மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்லும் இந்த நிகழ்வு, தென்பகுதிப் பெருங்கடலில் வெகுதொலைவில் எழும் புயல்களிலிருந்து புறப்பட்டு வரும் அலைகளால் ஏற்படுகிறது. ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் (இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை) மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். பாறையின் மேற்பரப்பு ஈரமாக இருந்தால், நீங்கள் நிற்கும் இடம் வரை அலை வந்திருக்கிறது என்று பொருள்; காய்ந்த பாறையிலேயே முக்காலியை வையுங்கள். இருவராகச் செல்வதும், ஒருவர் கடலைப் பார்த்து நிற்பதும் நல்லது.

சாதனங்களைப் பொறுத்தவரை, வீடு திரும்பியதும் முக்காலியின் கால்களை முழுவதும் நீட்டி, திருகுகளைத் தளர்த்தி, நல்ல நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஃபில்டரில் படியும் உப்புத் திவலையை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் சிறிது நல்ல நீரில் கரைத்துவிட்டு, பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். காற்று கடலிலிருந்து வீசும் நாட்களில் ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் முன் ஃபில்டரை டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்; சூரியனை நோக்கி எடுக்கும்போது ஒரு சிறு உப்புப் புள்ளிகூட வட்டமான ஒளித் திட்டாக விரிந்து சிலையின் மேலேயே விழக்கூடும்.