வரலாறா, சமூகவியலா, உளவியலா? அப்பாவுக்கு மூன்றும் ஒன்றுதான்

மாஹேபூர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. எழுதுகிறேன். பிரெஞ்சு, சமூகவியல், தமிழ் மூன்றும் என் முக்கியப் பாடங்கள். அடுத்தது ரெதுயியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகம். அங்கே எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். வகுப்பில் பாதிப் பேர் உளவியல் என்கிறார்கள். எனக்கு வரலாறும் பிடிக்கும், சமூகவியலும் பிடிக்கும். அப்பாவோ, "கணக்கியல் படி. உன் அத்தை மகள் எபேன் ஆபீஸில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாள், பார்" என்கிறார். 2019-லிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குக் கட்டணம் இல்லை, அதனால் பணத்துக்காக அவர் தடுக்கவில்லை. மூன்று வருஷம் வீணாகப் போய்விடுமோ என்று பயப்படுகிறார்.

எதில் ஆர்வம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டி வீட்டுப் பழைய காகிதங்களில் எங்கள் குடும்பப் பெயர் மூன்று விதமாக எழுதியிருக்கிறது. போகும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பேன். இது ஆர்வமா, வெறும் வேடிக்கையா?

போர்ட் லூயிஸ் மாமா:

அப்பா சொல்வதைக் கேளம்மா. வரலாறு ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம். கணக்கியல் பிடிக்கவில்லையா, பொருளியல் எடு. அதுவும் சமூக அறிவியல்தான், வங்கிக்காரனும் கூப்பிடுவான். ஆனால் கணக்கு உனக்கு எப்படி வரும் என்று சொல்லவில்லையே?

மோக்கா டீச்சர்:

மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. கணக்கு வராத பிள்ளையைப் பொருளியலில் தள்ளினால் முதல் செமஸ்டரிலேயே அழும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, நான் சேர்ந்தது 1999-ல். தோழி போட்டாள் என்று நானும் விண்ணப்பத்தில் சமூகவியலை முதலில் போட்டேன். அப்போது ரூபாய் நோட்டு விவகாரம் எல்லோர் வாயிலும் இருந்தது. நீ பிறந்திருக்கவே மாட்டாய். நம் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்த வரி தமிழ். 1998 கடைசியில் வந்த புது நோட்டில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே இறங்கிவிட்டது. நம்மவர்கள் விடவில்லை. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று.

என் அப்பா அன்றைக்கெல்லாம், பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்தில் ஒரு வரி கீழே போனால் ஒரு மனிதருக்கு ஏன் இப்படி வலிக்கிறது? இது உளவியல்காரர் கேட்கும் கேள்வி. இந்த ஊரில் யார் யாருக்கு எந்த இடம், அந்த வரிசையை யார் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டால் அது சமூகவியல். தேர்தல் வேட்பாளர் தன் சமூகத்தைக் குறிப்பிட வேண்டும் என்கிறதே நம் அரசியல் சட்டம், அதில் இந்து, முஸ்லிம், சீனர், மற்ற எல்லோரும் அடங்கிய 'பொது மக்கள்' என்று நான்கே கட்டங்கள். தமிழர் எந்தக் கட்டத்தில், ஏன் என்று கேட்பது அரசியல் பாடம். எனக்கோ வேறொன்று மண்டையைக் குடைந்தது: தமிழ் இரண்டாவது இடத்துக்கு எப்போது வந்தது, எப்படி வந்தது? ஒப்பந்தக் கூலிகள் 1834-லிருந்துதான் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அதற்கு நூறு வருஷம் முன்பே, 1735-ல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து நம் கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வந்து போர்ட் லூயிஸில் வேலை செய்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மாதமே வரலாற்றுக்கு மாறிவிட்டேன்.

உன் பாட்டியின் காகிதத்தையும் இதே மாதிரி வைத்துப் பார். மூன்று எழுத்துக்கூட்டலைப் பார்த்ததும் உனக்கு முதலில் தோன்றுவது என்ன? "எது உண்மையான பெயர், எந்தக் கப்பலில் வந்தார்கள்" என்றா? "பெயரை மாற்றி எழுதும் அதிகாரம் அந்த எழுத்தருக்கு எங்கிருந்து வந்தது" என்றா? இல்லை, "பெயர் மாறியதைப் பாட்டி எப்படித் தாங்கினாள்" என்றா? எதை விடாமல் கேட்கிறாயோ அதைப் படி. ஆர்வத்துக்கும் வேடிக்கைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இங்கே மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்து ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் வா. ஒப்பந்தக் கூலியாகக் குடியேறியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண் கிடைத்தால் அப்பா பெயர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு, ஊர், கப்பல் என்று ஒரு வரி கிடைக்கும். சிலருக்குப் படமும் இருக்கும். காதில் விழுந்ததை எழுத்தர் அப்படியே எழுதியதால் ஊர்ப்பெயர் பல நேரம் இந்திய வரைபடத்தில் எங்கும் இருக்காது. என் ஆய்வேட்டுக்காக ஒரே ஓர் ஊரைக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. நாலு மணி நேரத்திலேயே உனக்குச் சலித்துவிட்டால் சமூகவியல் எடு, தப்பே இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பட்டம் வாங்கி இரண்டு வருஷம் டியூஷன்தான் எடுத்தேன். வேலை கிடைத்த பிறகும், மேல் வகுப்பில் வரலாறு எடுக்கும் பிள்ளைகள் என் பள்ளியில் ஒரு கைக்குள் அடக்கம், அதனால் சின்ன வகுப்புகள்தான் அதிகம் எடுக்கிறேன். ஆசிரியர் வேலை மனதில் இருந்தால், நீ எடுக்கும் பாடம் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் பாடமா என்று முதலில் பார். உளவியல் எடுக்கும் தோழிகளிடமும் சொல்: சிகிச்சை கொடுக்கும் உளவியலாளர் ஆக மூன்று வருஷம் போதாது, முதுகலையும் வேண்டும். நடுவில் புள்ளியியல் வேறு இருக்கிறது.

எபேன் நைட் ஷிப்ட்:

சமூகவியல் பட்டதாரி பேசுகிறேன். பிரான்ஸ் கம்பெனிக்கு இங்கிருந்து போன் எடுக்கும் வேலை. வேலை வாங்கிக் கொடுத்தது என் பிரெஞ்சு, சமூகவியல் இல்லை. நான் என்ன படித்தேன் என்பது என் மேலாளருக்கு இன்றுவரை தெரியாது. போன வருஷம் வாடிக்கையாளர் கருத்துக் கணிப்புக்குக் கேள்வி தயாரிக்க ஆள் தேடினார்கள். ஆய்வு முறை வகுப்பில் படித்தது நினைவிருந்ததால் கை தூக்கினேன், இப்போது பாதி நேரம் அந்த வேலைதான். எதை எடுத்தாலும் பிரெஞ்சை விட்டுவிடாதே. ஏசி அறை என்கிறார் உன் அப்பா, அங்கே குளிர் தாங்காமல் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மாஹேபூர்க்காரி:

டீச்சர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நோட்டு விஷயம் வந்ததும் டிவியை நிறுத்திவிட்டார். அவரும் அந்தச் சமயம் கோவிலில் நடந்த கூட்டத்துக்குப் போனாராம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. சோறு ஆறிப்போகும்வரை பேசினோம். கடைசியில் "இருந்தாலும் கணக்கியல்தான் நல்லது" என்று எழுந்து போய்விட்டார்.

மாமா, கணக்கு எனக்குச் சுத்தமாக வராது.

டீச்சர், அந்தக் காகிதங்களில் ஒன்றின் மூலையில் மங்கலாக ஆறு இலக்க எண் ஒன்று இருக்கிறது. மூன்றாவது இலக்கம் 1-ஆ 7-ஆ என்று தெரியவில்லை. இரண்டையும் எழுதிக்கொண்டு புதன்கிழமை மோக்காவுக்கு வருகிறேன். காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கும்?