பெர்த்திலிருந்து சென்னை சர்வர்: 100 மெகாபிட் இணைப்பில் 1.5 மட்டும் கிடைப்பது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வீட்டில் உள்ளது 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பு. உள்ளூர் வேகச் சோதனையில் 90-க்குக் கீழே இறங்கியதே இல்லை. ஆனால் சென்னையில் என் அண்ணன் நடத்தும் அச்சகத்தின் சர்வரிலிருந்து பக்க வடிவமைப்புக் கோப்புகளை இறக்கும்போது மட்டும் வேகம் 1.5 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. 600 எம்பி கோப்புக்கு 53 நிமிடங்கள் காத்திருந்தேன். பிங் (ஒரு சிறு தரவு சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம்) 340 மில்லிவிநாடி காட்டுகிறது. இணைப்பு நிறுவனத்தாரோ லைனில் கோளாறு இல்லை என்று கூறி, 250 மெகாபிட் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறினால் பலன் உண்டா?

பதில் 1:
மாற வேண்டாம், பணம்தான் வீண். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பெர்த்துக்கும் சென்னைக்கும் நேர்த் தொலைவு சுமார் 6,300 கிலோமீட்டர் என்பதால், போய்வர 63 மில்லிவிநாடி போதும். கடலடிக் கேபிள் சிங்கப்பூர் வழியாக வளைந்து சென்றாலும் நூறையொட்டித்தான் வர வேண்டும். 340 என்றால் உங்கள் தரவு அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போவதாகவே சந்தேகிக்கிறேன். ட்ரேஸ்ரூட் (தரவு கடந்து செல்லும் ரூட்டர்களின் பட்டியல்) எடுத்து, இடைப்பட்ட ரூட்டர்களின் பெயரில் 'எல்ஏஎக்ஸ்' (லாஸ் ஏஞ்சலஸ்) இருக்கிறதா, 'எஸ்ஐஎன்' (சிங்கப்பூர்) இருக்கிறதா என்று பாருங்கள். பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு 2018-லும் 2019-லும் புதிய கேபிள்கள் வந்துவிட்டன. அவற்றில் உங்கள் நிறுவனம் இடம் வாங்கியிருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பதில் 2:
1.5 என்ற அந்த எண்ணுக்கும் கணக்கு இருக்கிறது. பழைய சர்வர் மென்பொருள் சில, 64 கேபி (கிலோபைட்) அனுப்பிவிட்டு, அது வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்வரை அடுத்ததை அனுப்பாமல் கைகட்டி நிற்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்; 340 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 64 கேபி என்றால் விநாடிக்குச் சரியாக 1.5 மெகாபிட்தான், இணைப்பு 250 ஆனாலும் 1,000 ஆனாலும் இதில் மாற்றம் இராது. கோப்பை எட்டுத் துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இறக்கும் மென்பொருளைப் பயன்படுத்திப் பாருங்கள். வேகம் பன்னிரண்டை நெருங்கினால் நோய் இதுதான்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சிட்னியைத் தாண்டியதும் 'எல்ஏஎக்ஸ்' வந்துவிட்டது. எட்டுத் துண்டாக இறக்கியபோது 11 மெகாபிட் கிடைத்தது. பிறகு சிங்கப்பூரில் ஒரு சிறிய மெய்நிகர் சர்வரை மாத வாடகைக்கு எடுத்து, அங்கு வரை வயர்கார்டு சுரங்கம் (தரவை அந்த சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இணைப்பு) அமைத்தேன். பிங் 110-க்கு இறங்கி, அதே எட்டுத் துண்டில் 35 வந்தது. முதல் நாள் வீட்டுப் போக்குவரத்து முழுவதையும் அதற்குள் விட்டதால், உள்ளூர் வங்கிச் செயலி என்னைச் சிங்கப்பூர்வாசியாக எண்ணி உள்ளே விட மறுத்தது. இப்போது அச்சகத்தின் ஐபி முகவரிக்கு மட்டும் அந்த வழியை ஒதுக்கியிருக்கிறேன்.

பதில் 2:
மகிழ்ச்சி. அண்ணனிடம் சொல்லி அந்த சர்வர் மென்பொருளையும் புதுப்பித்துவிடுங்கள். துண்டு போடும் வேலையே மிச்சமாகும்.